வீட்டுப் பேச்சில் சொல்லுங்க

"நில்லுங்க. அந்த இடத்தை மட்டும் மறுபடி சொல்லுங்க. பிரெஞ்சு கலக்காம."

துரியா ஸெப்தி கண்களை மூடியபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். எதிரில் அமர்ந்திருக்கும் நிரலாளர் மிலூத், தாம் எழுதிய நிரலை வாயால் விளக்கி வருகிறார். கணினித் திரையைத் துரியா ஏறிட்டும் பார்ப்பதில்லை, படிப்பதெல்லாம் பிற்பகலில். முற்பகல் கேட்பதற்கு உரியது. பேச்சு தாரிஜாவில், அதாவது காஸாபிளாங்காவின் தெருக்களிலும் அடுக்களைகளிலும் புழங்கும் அரபியில், ஓடிக்கொண்டிருக்கும்வரை அவர் அசைவதில்லை. பேசுகிறவர் பிரெஞ்சுக்குத் தாவிய கணத்தில் பேனாவின் பின்முனை மேசையில் ஒருமுறை விழும்.

"நமக்குப் புரிஞ்சதை வீட்டுப் பேச்சுல சொல்லிடுவோம். புரியாததைத்தான் பிரெஞ்சுல போர்த்தி வெச்சுக்குவோம்" என்பது அவர் கட்சி.

மிலூத் தலையைச் சொறிந்துகொள்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், நிறுவனத்தில் அவரைவிட மூத்த நிரலாளர் இல்லை. அங்கே பெண்களை ‘லல்லா’ என்றும் ஆண்களை ‘சீ’ என்றும் சொல்லி அழைப்பது மரியாதை. "லல்லா துரியா, நான் ‘பிழை மேலாண்மை’ன்னு சொன்னேன். அதுக்குத் தாரிஜாவுல சொல்லே கிடையாதே."

"சொல் வேண்டாம், சீ மிலூத். மருந்துக் குழாய் அடைச்சுக்கிச்சுன்னா உங்க நிரல் என்ன பண்ணும்? உங்க அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க."

"எங்க அம்மாகிட்ட சொன்னா, ‘அதெல்லாம் இருக்கட்டும், முதல்ல குழந்தையத் தூக்கு’ன்னுவாங்க."

"அப்ப உங்க நிரலைவிட அவங்க கெட்டிக்காரங்க. உங்க நிரல் முதல்ல எதைத் தூக்குது?"

மிலூத் நிரலின் பக்கம் திரும்புகிறார். அங்கே ஒரு வரி விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

நிறுவனம் காஸாபிளாங்காவின் சிதி மாரூஃப் பகுதியில் இருக்கிறது. அங்கே உருவாவது சிரிஞ்ச் பம்ப்: கையால் தூக்கிவிடக்கூடிய ஒரு பெட்டி, ஊசிக்குழலின் தண்டை மயிரிழை மயிரிழையாகத் தள்ளி, குறைமாதக் குழந்தையின் உடலுக்குள் மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்துவது. பெட்டியை இணைப்பவர்கள் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். அதற்கு நிரல் எழுதுபவர்கள் மேல்தளத்தில். துரியாவின் அறை இரண்டுக்கும் நடுவில், படிக்கட்டு திரும்பும் இடத்தில். அந்த இடத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். உயிரோடு தொடர்புடைய நிரல்களுக்கென்று உலகத்தார் கூடி வகுத்த விதிநூல்கள் அந்த அறையின் சுவரை அடைத்து நிற்கின்றன. அவற்றின் சாரத்தை அவர் புதிதாகச் சேர்பவர்களுக்கு மூச்சுவிடும் நேரத்தில் சொல்லிவிடுவார்: எழுதியவர் சோதிக்கக் கூடாது, சோதிப்பவர் எழுதியவரின் மேலாளருக்குக் கட்டுப்படக் கூடாது, எந்த வரி எந்தத் தேவைக்காக வந்தது, எந்தச் சோதனையில் தேறியது என்பதை எப்போது கேட்டாலும் காட்ட முடிய வேண்டும். துரியா கையெழுத்திட்ட அறிக்கை இல்லாமல் ஒரு பம்பும் வாசலைத் தாண்டுவதில்லை. நிறுவனத்தின் உரிமையாளர் சீ ஒத்மான்கூட அவரிடம் "முடிஞ்சுதா?" என்று கேட்பாரே தவிர, "முடிங்க" என்று சொன்னதில்லை.

பிரெஞ்சுச் சொற்களிலேயே அவர் அறவே வெறுப்பது ஒன்று உண்டு. ‘நொர்மால்மோன்’: வழக்கமாக, சாதாரணமாக என்று பொருள். அந்நாட்டில் அது பேச்சின் உப்பு. பேருந்து நொர்மால்மோன் எட்டுக்கு வரும். குழாய்க்காரர் நொர்மால்மோன் நாளைக்கு வருவார். நிரலாளர் எவராவது "நொர்மால்மோன் அந்த அலாரம் அடிக்கும்" என்று சொல்லிவிட்டால் துரியா கண்ணைத் திறப்பார். "வழக்கமா அடிக்கிறது எனக்கு வேண்டாம். வழக்கமில்லாத நாளைச் சொல்லுங்க. அன்னிக்கு என்ன பண்ணும்?"

வெள்ளிக்கிழமை மதியம் பெரிய மண்தட்டில் கூஸ்கூஸ் வரும், ஆவியில் வெந்த கோதுமைக் குருணைமேல் காய்கறித் துண்டுகளோடு. மேல்தளத்தார் அனைவரும் அதைச் சுற்றி அமர்வார்கள். எவருடைய நிரல் சோதனையில் இருக்கிறதோ அவர் கை வைக்கும் தட்டில் துரியா கை வைப்பதில்லை. தம் பங்கைத் தனிக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு சன்னலோரம் போய்விடுவார். ஒருமுறை மிலூத் உரக்கவே கேட்டுவிட்டார்.

"எங்க கூஸ்கூஸ்ல விஷமா வெச்சிருக்கோம்?"

"விஷம் இருந்தாப் பரவாயில்ல. பாசம் இருக்கு" என்றார் துரியா. "நல்ல பூசணித் துண்டாப் பார்த்து என் பக்கம் தள்ளுவீங்க. தின்னுட்டு அப்புறம் எந்த முகத்தோட உங்க நிரலைத் திருப்பி அனுப்பறது?"

தட்டைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மிலூத் ஒரு பூசணித் துண்டை எடுத்து எழுந்து போய் அவர் கிண்ணத்தில் போட்டுவிட்டு வந்தார். துரியா அதைத் தின்றார். அடுத்த திங்களன்று மிலூத்தின் நிரல் பதினோரு குறிப்புகளுடன் திரும்பிவந்தது.

வீட்டிலும் இந்தக் காது ஓய்வதில்லை. கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளி விட்டு வந்த மகள் அன்றைய கதையைத் தாரிஜாவில் தொடங்கி, ஆசிரியை, தோழி, சிற்றுண்டி என்று வளர்த்துக்கொண்டே வந்து, கணக்குப் பாடத்தைத் தொடும்போது பிரெஞ்சுக்கு மாறினால், துரியா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "மார்க்கு எவ்வளவு குறைஞ்சுது?" என்று கேட்பார். "இந்த வீட்ல மனுஷி பேசவே முடியாது" என்று மகள் அறைக்குள் போய்விடுவாள். வாடகைக்காரில் ஏறினால் துரியா முதலில் இருக்கைப்பட்டை பூட்டிக்கொள்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். ஓட்டுநர் முறைத்தால், "உங்களை நம்பறேன் அண்ணே, இந்தக் கொக்கியத்தான் நம்பல" என்பார்.

அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காரியம் ஒன்றே ஒன்று. ரமலான் நெருங்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும். பெருநாள் கழிந்ததும் பழையபடி முன்னால் வரும். கைபேசிகளில் சில தாமாக மாறும், சில மாறா, சில தவறான நாளில் மாறும். அந்த வாரம் முழுக்க ஊரே "பழைய மணியா, புது மணியா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கும். மருத்துவமனைகளில் செவிலியர் ஒவ்வொரு கருவியின் கடிகாரத்தையும் கையால் திருத்துவார்கள். வெளிநாட்டில் எழுதப்பட்ட எந்த விதிநூலிலும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இடமில்லை. துரியாவே அதை அபாயப் பட்டியலில் சேர்த்தார். அதற்கென ஒரு சோதனையையும் வகுத்தார். மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளினால், ஓட்டம் கூடவோ குறையவோ கூடாது. அதை ஆயிரம் விதமாகச் சோதிப்பதற்குத் தனியாக ஒரு சோதனை நிரலும் எழுதினார். பம்பின் நிரலைக் கணினிக்குள்ளேயே ஓடவிட்டு, கடிகாரத்தை இழுத்து இழுத்துப் பார்க்கும் நிரல் அது. மிலூத்தின் நிரல் எல்லாவற்றிலும் தேறியது.

சென்ற ஆண்டு ரமலானுக்குச் சில நாள் முன்பு, மலையடிவார ஊர் ஒன்றின் மகப்பேறு மருத்துவமனைக்கான பம்புகள் பெட்டியில் அடைபட்டுக் கீழ்த்தளத்தில் லாரிக்குக் காத்திருந்தன. புதனன்று துரியா அறிக்கையில் கையெழுத்திட்டிருந்தார். மறுநாள் வியாழன். சோதனை முடிந்துவிட்டது, இனி ஒன்றாக உட்காரத் தடையில்லை. மிலூத் புதினாத் தேநீர்க் கெண்டியும் இரண்டு கண்ணாடிக் குவளைகளுமாகப் படிக்கட்டு அறைக்கு வந்து, துரியாவின் நாற்காலியில் தாமே உட்கார்ந்துகொண்டார்.

"இன்னிக்கு உங்க முறை, லல்லா. ரெண்டு வருஷமா என் வாயப் பிடுங்கினீங்க. உங்க சோதனை நிரல் இருக்கே, அதை யாரு சோதிச்சாங்க?"

"அது பம்புக்குள்ள போறதில்லையே."

"நான் அதைக் கேக்கலையே." மிலூத் கண்களை மூடிக்கொண்டு, பேனாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். அச்சு அசல் துரியாதான். "வீட்டுப் பேச்சுல சொல்லுங்க. உங்க அம்மாகிட்ட சொல்ற மாதிரி."

துரியா சிரித்துக்கொண்டே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தடையில்லாமல்தான் சொல்லிக்கொண்டு வந்தார். முதலில் பம்பின் நிரலைக் கணினிக்குள் எழுப்புவேன்; மருந்து ஓடுகிற மாதிரி காட்டுவேன்; அது ஓடுகிறதா என்று பார்ப்பேன்; அப்புறம் கடிகாரத்தைப் பின்னால் தள்ளணும், அதுக்காக, என்று சொல்லி இரண்டு பிரெஞ்சுச் சொற்களைச் சொன்னார். ‘சூழல் மீட்டமைப்பு’ என்று பொருள்படும் அழகான சொற்கள். வழுக்கிக்கொண்டு வந்தன.

பேனா மேசையில் விழவில்லை. மிலூத் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். துரியாவும் அதற்குள் கேட்டுவிட்டிருந்தார், தம் காதாலேயே.

"அப்படின்னா என்ன, லல்லா?" என்று மிலூத் மெல்லக் கேட்டார். குரலில் கேலி இல்லை.

"அணைச்சுட்டு, மறுபடி எழுப்பறேன்" என்றார் துரியா. "புது மணியோட."

"அணைச்சு எழுப்பினா அதுக்கு முன்னாடி நடந்தது எதுவும் அதுக்கு ஞாபகம் இருக்காதே."

"இருக்காது."

"மருந்தோட அளவு மட்டும் தனியாப் பதிஞ்சிருக்கும். அதனால அது தேறிடும். மத்ததெல்லாம்..." மிலூத் நிறுத்திக்கொண்டார். தேநீரைக் கீழே வைத்தார். தம் நிரலில் கடிகாரத்தைத் தொடும் இடங்களை மனத்துக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஓரிடத்தில் அந்த முகம் நின்றுவிட்டது. "ஒலியடக்கற பொத்தான்" என்றார்.

பம்ப் எச்சரிக்கை ஒலி எழுப்பினால், செவிலி அந்தப் பொத்தானை அழுத்தி இரண்டு நிமிடம் ஒலியை நிறுத்திவைக்கலாம். அந்த இரண்டு நிமிடத்துக்குள் வேறு எது நேர்ந்தாலும் விளக்கு மட்டும் மினுக்கும். பிறகு கருவி மீண்டும் கத்தத் தொடங்கும்.

"நான் ரெண்டு நிமிஷத்தை எண்ணல, லல்லா. பத்து மூணுக்கு அமுக்கினா, ‘பத்து அஞ்சு வரைக்கும் கத்தாதே’ன்னு எழுதியிருக்கேன். மணிய ஒண்ணு பின்னால தள்ளினா அந்தப் பத்து அஞ்சு வர்றதுக்கு..."

"ஒரு மணி நேரம்."

"யாரு சரியா அந்த ரெண்டு நிமிஷத்துல போய் மணிய மாத்தப் போறா?" என்றார் மிலூத். கேட்டுவிட்டு அவரே பதிலையும் சொன்னார். "எல்லாருந்தான். மருந்து ஓடறப்ப திரையில மணி மாத்தற பக்கத்தத் திறந்தாலே பம்ப் கத்தும். கத்தினா முதல்ல பொத்தானத்தான் அமுக்குவாங்க."

துரியா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பம்பை எடுத்து மேசையில் வைத்தார். ஊசிக்குழலில் தண்ணீர் நிரப்பி ஓடவிட்டார். கடிகாரப் பக்கத்தைத் திறந்தார், கருவி கத்தியது. பொத்தானை அழுத்தினார், அடங்கியது. கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளினார். பிறகு குழாயை இரண்டாக மடித்துக் கிள்ளிப் பிடித்துக்கொண்டார். மருந்து போகாமல் அடைத்துக்கொண்ட குழாய்; பம்புக்கு அதைவிடப் பெரிய அபாயம் இல்லை. ஒரு சிறு விளக்கு மினுக்கத் தொடங்கியது.

இருவரும் காத்திருந்தார்கள். கீழே பெட்டிகளை இழுக்கும் ஓசையும், எவரோ எவரையோ "டேய், மெதுவா" என்று அதட்டுவதும் கேட்டன. இரண்டு நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. குழாயைக் கிள்ளியிருந்த விரல்நுனிகள் வெளுத்துப்போயின. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. பம்ப் வாயைத் திறக்கவில்லை.

"விடுங்க, லல்லா" என்றார் மிலூத் கடைசியில். "விரல் போய்டும்." சற்றுப் பொறுத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "தப்பு என்னுது. ரெண்டு வரி வேலை. அடுத்த பதிப்போட சேர்த்துப் போட்டுடலாம். இந்த அறையில பேசினது இந்த அறையோட இருக்கட்டும். உங்க பேர் வெளிய வர வேண்டாம்."

"உங்க தப்பை நான் பிடிச்சிருக்கணும், சீ மிலூத். அதுக்குத்தான் நான். என் தப்பைப் பிடிக்க யாரும் இல்லாம வெச்சுக்கிட்டேன்."

"இந்தச் சோதனை நிரலால நீங்க பார்த்தது இது ஒண்ணுதானா?"

இது ஒன்றல்ல; பிற சோதனைகளையும் துரியா அதிலேயே நடத்தியிருந்தார். இரண்டாண்டுகளாக அவர் தேர்ச்சி கொடுத்தவற்றில் பாதி அந்த நிரல் வழியாகத்தான் போயிருந்தது. இந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றால், சான்றளிக்கும் வெளிநாட்டு நிறுவனம் மற்ற அறிக்கைகளையும் கேட்கும். கேட்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த விதியைப் புதியவர்களுக்குப் படித்துச் சொல்பவர் அவர்தான்.

சீ ஒத்மான் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். "லாரி வந்தாச்சு. கீழ ரசீதுல உங்க..." என்று தொடங்கியவர், மேசையில் மினுக்கிக்கொண்டிருந்த பம்பையும் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நின்றார்.

துரியா நடந்ததைச் சொன்னார். முழுவதையும் தாரிஜாவில் சொன்னார்.

ஒத்மான் உட்காரவில்லை. "ஒரு தாள் அச்சடிச்சு ஒவ்வொரு பம்பு மேலயும் ஒட்டுவோம். ‘மருந்து ஓடறப்ப மணிய மாத்தாதீங்க.’ முடிஞ்சுது."

"தாள் ஒட்டறது கடைசி வழி, சீ ஒத்மான். வேற எதுவும் பண்ண முடியலேன்னா. இங்க ரெண்டு வரியில பண்ண முடியும். அதுவும் சுவத்துல ஒரு மணி, பம்புல ஒரு மணின்னு இருந்தா எந்த நர்ஸ் கைய வெச்சுக்கிட்டு சும்மா இருப்பா?"

"ரெண்டு வரிதானே? இப்பவே மாத்தி ஏத்துங்க."

"மாத்தினதை யாரு சோதிக்கிறது? என்னோட சோதனை நிரல்தானா?"

ஒத்மானின் குரல் உயர்ந்தது. "அங்க இப்ப பழைய பம்பு ரெண்டு ஓடுது, தெரியுமில்ல? ரெண்டே ரெண்டு! மிச்சக் குழந்தைங்களுக்கு நர்ஸுங்க கையால ஊசி தள்ளிக்கிட்டு நிக்கிறாங்க. நாம அனுப்பலேன்னா அதுக்கு உங்க புஸ்தகம் எதுவாவது பதில் சொல்லுமா?"

 அது நியாயமான கேள்வி என்பதைத் துரியா மறைக்க முயலவில்லை.

"சொல்லாது" என்றார். "ஆனா கையால தள்ளிக்கிட்டு நிக்கிற நர்ஸ் அந்தக் குழந்தைய விட்டு நகர மாட்டா. நம்ம பம்ப் வந்தா, ஏதாவதுன்னா கத்தும்னு நம்பி அடுத்த தொட்டிலுக்குப் போய்டுவா. இது கத்தாது."

 ஒத்மான் மேசையருகே வந்து, மினுக்கும் விளக்கின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தார், எடுத்தார். "உங்களோட பழைய அறிக்கை எல்லாத்தையும் கேப்பாங்க."

"கேக்கணும்."

"உங்க இடத்துல வேற ஆளப் போடச் சொன்னாலும் சொல்வாங்க."

"சொல்லலாம். என் சோதனை நிரலை சீ மிலூத் படிக்கட்டும். அவருக்கு என் மேல பாசமே கிடையாது."

"பூசணித் துண்டு ஒண்ணு போட்டேன், அவ்வளவுதான்" என்றார் மிலூத். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"லாரிக்காரன்கிட்ட திரும்பிப் போன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒத்மான் மாடிக்கு ஏறிப்போனார். அதை அனுமதி என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

துரியா படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனார். பின்கதவு திறந்திருந்தது, லாரியின் பின்பலகை இறக்கப்பட்டு, பெட்டிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. முதல் பெட்டியைத் தோளுக்கு ஏற்றக் குனிந்த சுமையாள் அவரைக் கண்டு நிமிர்ந்தார்.

"என்ன லல்லா, எல்லாம் எண்ணி ஒட்டியாச்சே!"

"தெரியும் அண்ணே. கொஞ்சம் கீழ வைங்க."

பெட்டியின் இரு மடிப்புகளும் சேரும் இடத்தில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. ‘சோதிக்கப்பட்டது’ என்ற அச்செழுத்தின் கீழே நீல மையில் அவர் கையெழுத்து. துரியா கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, மண்டியிட்டு, அந்தக் கையெழுத்தின் நடுவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துக் கிழித்தார். பிறகு எழாமலேயே அடுத்த பெட்டியின் பக்கம் நகர்ந்தார்.